உப்பளத்தில் ஒரு நீலக் கை

இந்தியாவுக்கு நான் போனது கோயில் பார்க்க இல்லை. புடவை எடுக்கவும் இல்லை. என் மகள் கோமதி தைத்து வைத்துவிட்டுப் போன உடுப்பை அவளுடைய தோழிக்கு உடுத்திப் படம் எடுக்கத் தூத்துக்குடிக்குப் போனேன். விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "எந்தச் சாமிக்கு நேர்த்தி?" என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோமதி கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் எழுத்து வேலை பார்த்தாள். வேலை விட்டு வந்தால் தையல் மிஷின்தான். ஜப்பான் கார்ட்டூன்களில் வரும் ஆட்களைப் போலவே உடுத்தி, அவர்களைப் போலவே நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். காஸ்பிளே என்று பெயர். எனக்குப் புரிந்ததே இல்லை. ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று பால்மரம் வெட்டப் போனவள் நான். கிட்டே போனால், "தொடாதீங்கம்மா, இன்னும் முடியல" என்பாள். நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பேன்.

கடைசியாக அவள் தைத்தது ஷியோ என்ற பெண்ணின் உடுப்பு. உப்பு நாட்டைக் காவல் காக்கிறவளாம். ஷியோவின் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தாள். பக்கவாட்டில் திரும்பி நிற்கிற பெண். வெள்ளை முடி, மணிக்கட்டு வரை மூடிய நீலச் சட்டை, தோளில் ஒரு துடுப்பு. தூத்துக்குடி உப்பளத்தில் நின்று படம் எடுக்க வேண்டும் என்று கோமதியும் பினாங்கிலிருந்த தோழி மெய் லின்னும் பல மாதம் போனிலேயே திட்டம் போட்டார்கள். படம் எடுக்கிறவரைக்கூடப் பேசி வைத்துவிட்டார்கள்.

டெங்கிக் காய்ச்சல் கோமதியை ஒரு வாரத்தில் கொண்டு போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்து அலமாரியைத் திறந்தேன். நீலச் சட்டைக்கு இடது கை மட்டும் இருந்தது. வலது பக்கம் தோளோடு நின்றிருந்தது. முடிக்காமல் போய்விட்டாளே என்று அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். மிச்சத் துணி ஒரு பையில் கிடந்தது. இடது கையை அளவுக்கு வைத்து வெட்டி, வலது கையைத் தைத்து முடித்தேன். மிஷின் எனக்கு ஓட்டத் தெரியாது. கைத்தையல்தான். அவளுக்கென்று கடைசியாக நான் செய்த வேலை அது. மெய் லின் போன் செய்து, "ஆன்ட்டி, கோமதிக்குப் பதில் நான் போட்டுக்கொள்கிறேன், நீங்களும் வாருங்கள்" என்று கூப்பிட்டபோது, வெட்கத்தை விட்டுச் சரி என்று சொன்னது அந்தக் கையை உடம்பில் பார்க்கத்தான்.

மெய் லின்னுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு ஆங்கிலம் தெரியாது. நாங்கள் பேசுவது மலாய் மொழியில். ஆகவே தூத்துக்குடியில் எல்லாருக்கும் நடுவில் நின்று பேச வேண்டியவள் நான்தான் என்பது அங்கே இறங்கிய பிறகே உறைத்தது. கடையில் மிச்சச் சில்லறை கேட்கக்கூட நாக்கு எழாதவள் நான்.

முதல் நாளே ஒரு பை வந்து சேரவில்லை. வெள்ளை முடியும், மடித்து வைத்திருந்த நுரைப்பஞ்சுத் துடுப்பும் அதில்தான் இருந்தன. உடுப்புப் பெட்டியை நான் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததால் தப்பியது. லாட்ஜில் அதைத் திறந்து, சுருக்கம் போகத் தடவி, வலது கையை மட்டும் இன்னொரு தடவை நீவி மடித்து வைத்தேன். மெய் லின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. கோமதியை நினைக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

"நீங்கள் தைத்ததா, ஆன்ட்டி?"

"வலது கை மட்டும். அவள் முடிக்காமல் போய்விட்டாள்."

"அழகாக இருக்கிறது" என்றாள். எழுந்து தன் கைப்பையிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்த ஒரு டப்பாவைத் திரும்ப உள்ளே போட்டாள். அது என்ன என்று கேட்டேன். "வெள்ளைச் சாயம். இனித் தேவைப்படாது."

சாயங்காலம் புரோட்டா சாப்பிடப் போனோம். எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்துப் போடுகிறார்கள். நம் ஊர் மெத்தென்ற ரொட்டி சானாயை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்து போவோம். ஆனால் நன்றாக இருந்தது. மக்ரூன் என்று முந்திரியில் செய்த ஒரு மிட்டாயும் வாங்கினோம். கூம்பாக, வெள்ளையாக இருந்தது. மெய் லின் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "உப்புக் குவியல்" என்றாள். அன்றைக்கு அவள் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

மறுநாள் முடி தேடிப் போனோம். படம் எடுக்கிறவர் பெயர் செல்வின். நாசரேத் பக்கத்துக்காரர், நல்ல பருமன், கல்யாணப் படம்தான் அவர் தொழில். தம் பழைய வேனில் எங்களை ஏற்றி, குலசை தசராவில் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வேசம் போடுகிறவர்களுக்குச் சாமான் வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கடைக்கு அழைத்துப் போனார். தசரா முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. காளியின் நாக்கும், குரங்கு வாலும், கரடித் தோலும் திரும்பி வந்து மூலையில் குவிந்து கிடந்தன. ஈர நாற்றம்.

"வாங்கம்மா. என்ன வேசம்?" என்றார் கடைக்காரர்.

"வெள்ளை முடி வேணும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கெழவன் வேசமா? யாருக்கு?"

மெய் லின்னைக் காட்டினேன். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏ அண்ணாச்சி, சீனாக்காரியளும் அம்மைக்கு மாலை போட ஆரம்பிச்சிட்டாவளா?" என்று செல்வினிடம் கேட்டார்.

அவர் கேட்டதை மலாயில் மாற்றினேன். "சாமி இல்லை, கார்ட்டூன் என்று சொல்லுங்கள் ஆன்ட்டி" என்றாள் மெய் லின். சொன்னேன்.

"கார்ட்டூனுக்கா கடல் தாண்டி வந்திய? யாரு வேண்டிக்கிட்டது?"

"என் மகள்."

"அவ்வோ வரலியா?"

"இல்லை. காய்ச்சலில்..." என்று நிறுத்தினேன்.

கடைக்காரர் எழுந்தார். தொங்கிக்கொண்டிருந்த சடைமுடியை விட்டுவிட்டு, உள்ளே போய்ப் பிரிக்காத பொட்டலம் ஒன்றைக் கொண்டு வந்தார். "இது யாரும் போடாதது. வேண்டிக்கிட்டவுகளால முடியலன்னா வீட்டாளுவ போட்டு முடிச்சிருவாவ. இங்க அப்படித்தான்" என்றார். இதை நான் மெய் லின்னுக்குச் சொல்லவில்லை. பொட்டலத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் மெய் லின் உடுப்பைப் போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி நின்றாள். நான் வலது பக்கம் போய்ப் பார்த்தேன். நான் தைத்த கை தோளில் சுருக்கமில்லாமல் விழுந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, ஒளிப்பானேன்.

அடுத்து உப்பளம் போவதாக இருந்தது. விடிந்ததிலிருந்து மழை. வடக்கேயிருந்து மழைக்காலம் இறங்கிவிட்டால் உப்பு வேலையை நிறுத்திவிடுவார்கள், குவியலையெல்லாம் மூடிவிடுவார்கள் என்றார் செல்வின். "எனக்குத் தெரிஞ்ச அளத்துல ஒரு அம்பாரம் மூடாம இருக்கு. கங்காணிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கு வெயில் அடிச்சா உண்டு, இல்லன்னா ஊருக்குப் போய்ச் சேர வேண்டியதுதான்." அதற்கடுத்த நாள் எங்களுக்குத் திரும்பும் விமானம். மெய் லின்னுக்கு இனி லீவு கிடையாது. எனக்கு இன்னொரு தடவை வருவதற்குக் காசும் இல்லை, காலும் இல்லை.

சும்மா இருக்க வேண்டாம் என்று துடுப்பு தேடி மணப்பாடு போனோம். வழியில் செம்மண் சேற்றில் வேன் மாட்டிக்கொண்டது. செல்வின் தள்ள, மெய் லின் தள்ள, நான் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஓரத்தில் நின்றேன். மணல் குன்றின் மேல் கோயில், கீழே சாம்பல் நிறக் கடல். கிள்ளான் துறைமுகத்தில் கடலைப் பார்க்க வேண்டுமானால் பெட்டிகளுக்கு நடுவில் தேட வேண்டும். இங்கே அது நேரே முகத்தில் வந்து அடித்தது. நிற்கவே முடியவில்லை.

படகெல்லாம் இப்போது இன்ஜின் வைத்தவை. தேடித்தான் ஒரு வீட்டுக் கூரையிலிருந்து பழைய மரத் துடுப்பு ஒன்றை இறக்கிக் கொடுத்தார் ஒருவர். மெய் லின் அதைத் தோளில் வைத்துப் பார்த்தாள். கரையில் வலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஏலே, இந்தப் புள்ள துடுப்பு போட்டே ஊருக்குப் போயிரும் போலிருக்கே!"

"போற வழியில ஒன்னையும் சிலோன்ல எறக்கி விடச் சொல்லு."

என்ன சொல்கிறார்கள் என்று மெய் லின் கேட்டாள். "நல்ல துடுப்பு என்கிறார்கள்" என்றேன். மொழிபெயர்ப்பதில் இப்படி ஒரு வசதி இருப்பதை அதற்குள் நானும் கண்டுபிடித்திருந்தேன்.

கடைசி நாள் வெயில் வந்தது. காலையிலேயே உப்பளத்துக்குப் போய்விட்டோம். பார்த்த இடமெல்லாம் சதுரம் சதுரமாகப் பாத்திகள், மழைத் தண்ணீர் தேங்கி வானத்தின் நிறத்தில் கிடந்தன. வரப்போரம் எல்லாக் குவியலையும் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஒன்று மட்டும் திறந்திருந்தது. வெயிலில் அதைப் பார்க்கக் கண் கூசியது. கோமதி இதைப் பார்க்கவில்லையே என்று ஒருமுறை நினைத்தேன். பிறகு நினைக்க வேண்டாம் என்று கீழே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கங்காணி என்ற சொல்லைக் கேட்டு நாளாயிற்று. எங்கள் தோட்டத்தில் கங்காணி வந்தால் பேச்சு நிற்கும். இவர் அப்படியில்லை. "மத்தியானத்துக்குள்ள முடிச்சிருங்கம்மா. அங்கன பாருங்க, கருத்துட்டு வருது. ஒரு தூத்தல் விழுந்தாலும் மூடச் சொல்லிருவேன்" என்று கிழக்கே கையைக் காட்டிவிட்டுப் போனார். பெண்கள் பாத்தியில் மிச்சமிருந்த உப்பைச் சட்டியில் சுமந்து வந்து குவியலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு.

மெய் லின் உடுத்தி, முடி வைத்து, துடுப்போடு வந்து நின்றாள். பெண்கள் சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"எனக்கு மாப்பிள்ளை பொண்ணை நிக்க வச்சே பழக்கம்" என்றார் செல்வின். "இவ்வோ ஒத்தையில நிக்காவ. யாரைப் பாத்துச் சிரிக்கச் சொல்ல?"

"சிரிக்கக் கூடாதாம்" என்றேன்.

எப்படி நிற்க வேண்டும் என்று பார்க்க, கோமதி அனுப்பி வைத்திருந்த படத்தைப் போனில் எடுத்தார். எடுத்தவர் அதையும் மெய் லின்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். படத்துல இந்தப் புள்ளைக்கு வலது கை வெறுங்கையால்லா இருக்கு? தோள்லருந்து விரல் வரைக்கும் வெள்ளையா, வெடிப்பு வெடிப்பா. இங்க சட்டை மூடிட்டே. என்னன்னு அவுககிட்டக் கேளுங்க."

போனை என்னிடம் நீட்டினார். ஷியோ நேராக நிற்கிற படத்தை அப்போதுதான் பார்த்தேன். இடது கையில் நீலச் சட்டை. வலது பக்கம் சட்டை தோளோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே உப்புப் பாறை போல ஒரு கை.

நான் மொழிபெயர்க்க வேண்டும். செல்வின் காத்துக்கொண்டிருந்தார், மெய் லின்னும் காத்துக்கொண்டிருந்தாள். வெயில் அதிகம் என்கிறார், துடுப்பை மாற்றிப் பிடிக்கச் சொல்கிறார் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். இரண்டு பேருக்கும் தெரிந்திருக்காது. மணப்பாட்டில் செய்தேனே. ஆனால் வாய் வரவில்லை. அவர் கேட்டதைக் கேட்டபடியே மலாயில் சொன்னேன்.

மெய் லின் என்னைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "புது மாதிரி என்று சொல்லுங்கள் ஆன்ட்டி. நாமே மாற்றிக்கொண்டது என்று சொல்லுங்கள்."

"முதல் நாளே தெரியுமா உனக்கு?"

"நீங்கள் அந்தக் கையைத் தடவித் தடவி மடித்தீர்கள். நான் எப்படிச் சொல்வேன்?"

"அவளுடைய கை ஏன் அப்படி?"

"தங்கை உப்புக் கடலில் விழுந்துவிடுகிறாள். இவள் கையை விட்டுத் துழாவுகிறாள். கை உப்பாகிவிடுகிறது. தங்கை கிடைக்கவில்லை. கதை அந்தக் கையில்தான் இருக்கிறது, ஆன்ட்டி. கோமதி இதைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான்."

செல்வின், "என்ன சொல்லுதாவ?" என்று கேட்டார். "கொஞ்சம் பொறுங்கள்" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஊசி, நூல், சின்னக் கத்தரி எல்லாம் என் பையில் வைத்திருந்தேன். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு சட்டியின் மேல் மெய் லின்னை உட்கார வைத்து, வரப்பில் நானும் உட்கார்ந்தேன். அவள், "வேண்டாம் ஆன்ட்டி, இப்படியே எடுக்கலாம்" என்றாள். "அசையாதே, குத்திவிடும்" என்றேன்.

நெருக்கமாகப் போட்ட தையல். பிரிப்பது தைப்பதைவிடச் சிரமமாக இருந்தது. ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்தேன். கிழக்கே வானம் இன்னும் கறுத்தது. கை கழன்று என் மடியில் விழுந்தபோது, அதற்கு அடியில் இருந்த தோள் ஓரத்தைப் பார்த்தேன். நூல் பிரியாமல் இருக்கச் சும்மா மடித்து ஓட்டியிருக்கிறாள் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தேன். வெயிலில் நன்றாகத் தெரிந்தது. உள்பக்கம் பட்டை வைத்து, இரட்டைத் தையல் போட்டு, நூல் முனையைக்கூட உள்ளே மறைத்து முடித்திருந்தாள்.

இன்னும் முடியல, தொடாதீங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், ஒருநாள் முடித்துவிட்டிருக்கிறாள். முடிந்தது என்று என்னிடம் சொல்லத்தான் நாள் இல்லை. எனக்கென்று அவள் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அழுகை வரவில்லை. உப்புக் காற்றில் கண் மட்டும் எரிந்தது. மெய் லின் எழுந்து போய்க் கையில் வெள்ளைச் சாயத்தைப் பூச ஆரம்பித்தாள். நான் நீலக் கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் எழுந்த சட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

சட்டியை எடுக்க ஒரு பெண் வந்தாள், பேச்சியம்மாள் என்று பெயர். என் வயதில் முக்கால் இருக்கும். சாயம் பூசுவதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவளிடம், "ஏளா, இதுக்கு எதுக்குப் பெயிண்டு? நம்மகூட ஒரு வருசம் செமந்தா தன்னால வந்துருமே" என்றாள். இருவரும் சிரித்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஆச்சி, அந்தக் கை வேண்டாததா?"

நான் அதை மடியோடு இன்னும் இழுத்துச் சேர்த்துக்கொண்டேன்.

"வேண்டாம்னா எனக்குத் தாரியளா? இங்க பாருங்க, என் சட்டைக் கை கிழிஞ்சு தொங்குது. வெயிலு தோள்ல ஏறி வேவுது."

கொடுக்க மனம் வரவில்லை. வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அவளைக் குனியச் சொல்லி, நானே அவள் வலது கையில் மாட்டிவிட்டு, மேல் ஓரத்தை அவள் சட்டையோடு ஓடவிட்டுத் தைத்தேன். அவள் கையை நீட்டி மடக்கிப் பார்த்தாள்.

"ஒத்தைக் கைக்கு மட்டுந்தானா? மத்தக் கை என்ன பாவம் பண்ணிச்சு?"

"துணி அவ்வளவுதான் இருந்தது."

"சரி, இதாவது கெடச்சுதே" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மெய் லின் வெள்ளைக் கையை நீட்டிக்கொண்டு குவியலின் முன்னால் நின்றாள். செல்வின் வரப்பில் படுத்து எடுத்தார், தண்ணீரில் முட்டி போட்டு எடுத்தார். துடுப்பை அந்தப் பக்கம், முகத்தை இந்தப் பக்கம் என்று அவர் சொல்லச் சொல்ல, நான் மலாயில் கத்திக்கொண்டிருந்தேன். முதல் துளி விழுந்தது. கங்காணி குரல் கொடுத்தார். பெண்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். மெய் லின்னின் கையில் சாயம் கோடு கோடாக வழிந்தது. அவள் அப்படியே நின்று அழுதாள். செல்வின் அதையும் எடுத்தார்.

வேனில் படங்களைக் காட்டினார். ஒன்றில் எல்லாம் கூடி வந்திருந்தது. மெய் லின் அதைத்தான் வேண்டும் என்றாள். "பின்னால ஒரு பொம்பள சட்டி சொமந்துட்டுப் போவுது. உப்பு நாட்டுல வேற ஆள் கெடையாதுல்லா? அழிச்சிருதேன்" என்றார் செல்வின். அதை மொழிபெயர்த்தேன். மெய் லின் சரி என்றாள். நானும் தலையாட்டினேன்.

கிள்ளானுக்குத் திரும்பிக் கொஞ்ச நாளில் மெய் லின் அந்தப் படத்தை இணையத்தில் போட்டாள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் பாராட்டினார்களாம். உடுப்பு யார் தைத்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் கோமதி என்று எழுதினாள். அது சரிதான். படத்தில் ஒரு குறையும் இல்லை. வெள்ளைக் குவியல், கறுத்த வானம், நீட்டிய கை. வேறு யாருமே இல்லை.

செல்வின் எனக்குத் தனியாக இரண்டு படம் அனுப்பியிருந்தார். கூடவே குரலிலும் பேசியிருந்தார். "அம்மா, அழிக்காததும் ஒண்ணு வச்சிருக்கேன். ஒங்களுக்கு வேணுமோ என்னமோன்னு தோணிச்சு."

வேலை முடிந்த நேரங்களில் கோமதியின் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இரண்டாவது படத்தைத் திறக்கிறேன். முன்னால் நிற்பது என் மகள் இல்லை என்று தெரியும். விரலால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெரிதாக்கிக்கொண்டே போனால், தூரத்தில் வரப்பின் மேல் பேச்சியம்மாள் வருகிறாள். முகம் தெரியவில்லை. தலையில் இருக்கும் சட்டியைப் பிடிக்க வலது கையை உயர்த்தியிருக்கிறாள். அந்தக் கை மட்டும் நீலமாக இருக்கிறது.